மெடிசின் கிடைக்காத வீட்டில் அடுத்த ஆறு மாதம்

உயர்தரப் பெறுபேறு வந்த இரவில் யாரும் பிள்ளைக்கு எதிர்காலத் திட்டம் சொல்லப் போகாதீர்கள். அன்று அதற்குத் தேவை சாப்பாடும் தூக்கமும்தான். தொலைபேசியில் "எத்தனை ஏ?" என்று கேட்கிற மாமாமாருக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் பொறுப்பெடுத்தால் அதுவே பேருதவி. மூன்று நாள் போகட்டும். பிறகு இந்த அத்தியாயத்தைத் திறவுங்கள்.

உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்து, மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி போதாமல் நிற்கிற திருகோணமலை மாவட்டப் பிள்ளைக்காகவும், இனிவரும் செலவைச் சுமக்கப்போகிற தாய் தகப்பனுக்காகவும் இது எழுதப்படுகிறது. வெளிநாட்டுக்குப் போய் மெடிசின் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குத் தாவவேண்டாம். அதற்கு முன்னால் இருக்கிறவற்றைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள்.

இருபத்தைந்து இடம்

"என்ர பிள்ளை கெட்டிக்காரி, ஏன் கிடைக்கேல்லை?" என்ற கேள்விக்கு ஜாதகத்தில் பதில் தேடவேண்டியதில்லை, கணக்கிலேயே இருக்கிறது. கலைப்பிரிவு தவிர்ந்த துறைகளில் அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைப்படி போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டில் நம் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3.8 இலட்சம், நாட்டினது 2 கோடியைச் சற்றுத் தாண்டியது. பேச்சுக்கு, நாடு முழுவதற்கும் 2,000 மருத்துவ இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கோட்டாவில் நமக்கு இருபது, பின்தங்கிய மாவட்டப் பங்கில் நாலைந்து. நாடளாவிய திறமை வரிசையில் போகிற ஓரிருவரை விட்டால் மொத்தம் இருபத்தைந்து.

நகரத்தின் கோணேஸ்வரா இந்துவும் சண்முக மகளிரும் புனித சூசையப்பரும், கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பள்ளிக்கூடங்களும் இந்த இருபத்தைந்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. இருபத்தாறாவதாக நிற்கிற பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளைதான். வெட்டுப்புள்ளி நாலு தசமதானத்துக்கு அச்சாகிறது. மூன்றாம் தானத்தில் தவறிய பிள்ளையை 'கோட்டை விட்டவள்' என்று பேசுவது அநியாயம்.

இடையில் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் ஆறாத பேச்சு. மருத்துவமும் பொறியியலும் படிக்கவேண்டிய எத்தனையோ பேரின் வழியை அது அடைத்தது. அதன் தொடர்ச்சியாக 1974இல் வந்த மாவட்டக் கோட்டா திருகோணமலைக்குக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நம்மவர்களுக்கு இன்னும் வாய் வருவதில்லை. உங்களுக்கு இதில் வேலைக்கு ஆகிற செய்தி வேறு: யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிற உறவினர் "இந்த இசட்டுக்கு ஒண்டும் வராது" என்று சொன்னால் அவர் தன் மாவட்டத்து வெட்டுப்புள்ளியை மனதில் வைத்துச் சொல்கிறார். முந்திய ஆண்டுகளின் அட்டவணையை எடுத்து, திருகோணமலை என்ற நிரலில் மட்டும் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள்.

இன்னொரு ஷையா?

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று தடவைதான் எடுபடும். முதல் தடவையில், அதாவது முதல் ஷையில், தவறியவர்களில் அநேகர் இரண்டாம் ஷைக்கு உட்காருகிறார்கள். அது சரியா பிழையா என்பதற்குப் பொதுப் பதில் கிடையாது. வீட்டில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்.

"இன்னொருக்கா எழுதினா வரும் அம்மா."

"எந்தப் பாடம் வரும் எண்டு சொல்லு பிள்ளை."

"பௌதிகவியல், கட்டுரை வினாவில ரெண்டைத் தொடவே நேரம் காணாமப் போச்சு" என்று பிள்ளை சொன்னால் இரண்டாம் ஷைக்கு அர்த்தமிருக்கிறது. "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடும்" என்றால் யோசியுங்கள். இசட் புள்ளி நீங்கள் எடுத்த புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. வினாத்தாள் இலகுவாக வந்து எல்லாரும் கூடுதலாக எடுத்தால் உங்கள் கூடுதல் புள்ளி கரைந்துவிடும்.

நேரமும் ஒத்துழைப்பதில்லை. கொவிட்டும் பொருளாதார நெருக்கடியும் பரீட்சை நாட்காட்டியைக் குழப்பியதில், 2022க்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி, பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில். நாலு மாதம்! வெட்டுப்புள்ளி வருமுன்பே இரண்டாம் ஷைக்குப் படிக்கத் தொடங்கவேண்டிய நிலை. இப்படி நெருக்கும்போது பிள்ளை விண்ணப்பத்தையும் படிப்பையும் ஒன்றாகத்தான் தூக்கவேண்டும். விண்ணப்பிக்காமல் "அடுத்தமுறை மெடிசினோடையே போடுவம்" என்று விடுவது பெரிய பிழை.

மூன்றாம் ஷை பற்றி என் கருத்துக் கடுமையானது. வேறு ஏதாவது ஒரு படிப்பு அல்லது வேலை கையில் இருக்கும்போது, பக்கத்தில் வைத்து எழுதுவதானால் எழுதலாம். அதற்காக மட்டும் வீட்டில் இருந்து, ரியூசனுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு வருடத்தைக் கழிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

விண்ணப்பத்தை ஆழமாக நிரப்புங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் ஓர் அனுமதிக் கைந்நூல் வெளியிடுகிறது. தடித்த புத்தகம். பெரும்பாலான வீடுகளில் மருத்துவம் என்ற பக்கமும் பின்னால் உள்ள வெட்டுப்புள்ளி அட்டவணையும் மட்டும் கசங்கியிருக்கும், மற்றப் பக்கங்கள் புதுசாக இருக்கும். அந்தப் புதுப் பக்கங்களில்தான் உங்கள் பிள்ளையின் கம்பஸ் இருக்கிறது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீட்டு இலக்கம் உண்டு. நீங்கள் விருப்ப ஒழுங்கில் அந்த இலக்கங்களை எழுதுகிறீர்கள். கணினி மேலிருந்து கீழே வந்து, உங்கள் இசட் புள்ளிக்கு எது முதலில் எட்டுகிறதோ அதைத் தருகிறது. மருத்துவத்தை மேலே எழுதியதால் கீழே உள்ளவற்றில் உங்கள் வாய்ப்புக் குறையாது. கீழே எழுதாமல் விட்டால் மட்டும் குறையும். மருத்துவபீடங்கள் அத்தனையையும் எழுதி, பேராதனைப் பல்மருத்துவத்தையும் எழுதிவிட்டு, "இதுக்குக் கீழ எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று பேனையை வைக்கிற பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் காணலாம். அப்படி வைத்த பிள்ளைக்கு, அதே புள்ளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிருக வைத்தியமோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமோ போய்விடுகிறது.

அதற்காகக் கண்டதையும் எழுதவும் கூடாது. ஒரு கற்கைநெறிக்குத் தெரிவாகிப் பதிவும் செய்துவிட்டால், அடுத்த பரீட்சையின் பேரில் மறுபடி விண்ணப்பிக்கிற உரிமையில் கட்டுப்பாடு வருகிறது. அந்த ஆண்டின் கைந்நூலில் இதற்கான பந்தியைத் தேடி, பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வாசியுங்கள். போகமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்ததை எழுதவேண்டாம். போகலாமோ என்று சந்தேகமிருந்தால் எழுதுங்கள்.

கோணேசபுரியில் ஐந்து வருடம்

உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதியில் போனால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். நகரத்துப் பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். அங்கே சித்த மருத்துவம் இருக்கிறது. சித்த மருத்துவத்திலும் சத்திரசிகிச்சையிலும் இளமாணிப் பட்டம், ஐந்து வருடம், அதற்குமேல் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பு 1980களிலிருந்து நடக்கிறது. இலங்கையில் சித்த மருத்துவப் பட்டத்துக்கு இந்த இரண்டு இடங்கள்தாம்.

நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு குரல் தாழ்ந்துவிடும்: "மெடிசின் வரேல்லை, சித்தா தான்." இந்த 'தான்' பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கப்போகிறது உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் நோயியலும்தான், கூடவே நாடி, குணபாடம், வர்மம். யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரம், செகராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் செய்யுளில் இருக்கின்றன. தமிழ் நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு இது சுமை அல்ல, கையில் உள்ள முதல். தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளை சேருமுன் யோசிக்கட்டும்.

இனி மறுபக்கம். பட்டம் முடித்தவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிகிறார், ஆங்கில மருத்துவராகத் தொழில் செய்ய அது அனுமதி தராது. அரச நியமனம் பட்டத்தோடு கூடவே வருவதும் இல்லை. சுதேச மருத்துவப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் இறங்கியதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே சேருகிற பிள்ளை, தனிச் சிகிச்சை நிலையம் நடத்தவோ மேற்படிப்புக்குப் போகவோ மனம் உள்ளதாக இருக்கவேண்டும். நிலாவெளி, உப்புவெளிக் கரையோரத்து விடுதிகளுக்கு வருகிற வெளிநாட்டவர் எண்ணெய்ச் சிகிச்சைக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி ஐந்து வருடம் படிப்பது, என் பார்வையில், படித்த படிப்பை வீணாக்குவது. விண்ணப்பத்தில் எழுதுமுன் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலைக்கு ஒரு காலைவேளையில் போய் வெளிநோயாளர் வரிசையில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். முழங்கால் வலியோடு வருகிற கிழவியிடம் வைத்தியர் எப்படிப் பேசுகிறார், எத்தனை நிமிடம் கொடுக்கிறார் என்று பார்த்தபின் பிள்ளை எடுக்கிற முடிவு வேறு கனத்தோடு இருக்கும்.

ஆயுர்வேதமும் யுனானியும் இதே குடும்பம். ஆயுர்வேதம் கொழும்பிலும் கம்பஹாவிலும், யுனானி கொழும்பில்.

வெள்ளைச் சட்டை வேறும் உண்டு

வைத்தியசாலையில் வேலை செய்யவேண்டும் என்பதுதான் பிள்ளையின் ஆசையென்றால், அங்கே வைத்தியர் மட்டும் இல்லை. தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடம், எக்ஸ்ரே, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் பட்டப்படிப்பு உண்டு. பேராதனையில் இந்த ஐந்தும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம். மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவபீடம் இருக்கிற அதே சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில், தாதியப் பட்டம்.

தாதியத்துக்கு இரண்டு வாசல். ஒன்று பல்கலைக்கழகம், நாலு வருடம், பட்டம். மற்றது சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி, மூன்று வருடம், டிப்ளோமா, படிக்கும்போதே கொடுப்பனவு, முடிந்ததும் அரச வேலை. இரண்டாவது வாசல் வர்த்தமானி வழியாகத் திறக்கிறது. எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, உயர்தரம் முடித்துப் பல காலம் காத்திருந்து போனவர்கள் இருக்கிறார்கள். ஊரோடு நின்று உழைக்கவேண்டிய வீடு என்றால் டிப்ளோமா நல்லது. லண்டனோ அவுஸ்திரேலியாவோ மனதில் இருந்தால் பட்டத்துக்கே போங்கள், அங்கே பதிவு எடுக்க அது வழியை இலகுவாக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருந்தாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர் பயிற்சிகளுக்கும் இதே வர்த்தமானிதான். வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி பார்க்கிற வேலையை வீட்டில் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். தம்பி தங்கைமாருக்கு நல்ல பழக்கம்.

ஆண்பிள்ளை தாதியனாவதா என்று முகம் சுளிக்கிற உறவினருக்கு, திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் விபத்துப் பிரிவை ஒரு இரவு காட்டினால் போதும்.

துறைமுகத்துப் பிள்ளைக்குக் கடலும் ஒரு வழி, சுருக்கமாகச் சொல்கிறேன். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையில் ஒரு பிராந்திய நிலையம் இருக்கிறது. ருகுணுவில் மீன்பிடி, கடல் விஞ்ஞானப் பட்டம் உண்டு. உயிரியல் படித்த பிள்ளைக்கு இது நேர்வழி. ஆனால் மருத்துவத்தை இழந்த வருத்தத்தில் ஓடிப்போய் ஒளிகிற இடமாக இதை எடுக்கவேண்டாம்.

காசு கட்டி உள்ளூரில்

தனியார் மருத்துவக் கல்லூரி என்ற பேச்சு இலங்கையில் இரண்டுமுறை வந்து இரண்டுமுறையும் கலவரமாக முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் ராகமையில் தொடங்கிய வடகொழும்பு மருத்துவக் கல்லூரி 1989இல் அரசின் கைக்குப் போனது, பின்பு களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடமானது. மாலபேயின் சைட்டம், மருத்துவ சபையின் அங்கீகாரம் தொடர்பாக நீதிமன்றம், பகிஷ்கரிப்பு, ஊர்வலம் என்று இழுபட்டு, 2018இல் அதன் மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இடையில் அந்தப் பிள்ளைகள் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். கட்டணம் கட்டுமுன் மருத்துவ சபையின் அங்கீகாரத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மருத்துவம் அல்லாத சுகாதாரப் பட்டங்களை அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில் படிக்க, உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் உண்டு. உயர்தரத்தில் மூன்று சித்தி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். எந்த நிறுவனத்தின் எந்தப் பட்டம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும்.

கடல் தாண்டி

இனி, பலரும் முதலில் தேடிவந்த பகுதி. பெறுபேறு வந்த கிழமையே நகரத்து விடுதி மண்டபங்களில் கூட்டம் வைப்பார்கள். சீனா, ரஷ்யா, பெலாரூஸ், ஜோர்ஜியா, நேபாளம், பங்களாதேஷ். வாழைக்குலைக் கடையில் சீப்பு விலை சொல்வதுபோல வருடக் கட்டணம் சொல்வார்கள். போகலாம், கேட்கலாம். கையொப்பம் மட்டும் வேண்டாம்.

முதலில் பார்க்கவேண்டியது இலங்கை மருத்துவ சபை அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரித்திருக்கிறதா என்பது. முகவர் காட்டுகிற தாளில் பார்க்கவேண்டாம், சபையின் இணையதளத்திலேயே பாருங்கள், முடிந்தால் சபைக்கு எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். அடுத்தது பலரும் தவறவிடுவது. வெளிநாட்டில் படித்து வருகிறவருக்கும் உயர்தரத்தில் இன்ன தரம் இருக்கவேண்டும் என்று சபை எதிர்பார்க்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதற்குக் குறைந்த பெறுபேற்றோடும் சேர்த்துக்கொள்ளும். அங்கே சேரலாம், ஆனால் இங்கே பதிய முடியாது. ஆறு வருடம் கழித்து இதைக் கண்டுபிடிக்கிற வீட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பட்டத்தோடு வந்தபின், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான பதிவுப் பரீட்சை இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் 'ஆக்ட் சிக்ஸ்டீன்' என்பார்கள், இப்போது ஈஆர்பிஎம். அதைத் தாண்டினால்தான் உள்ளகப் பயிற்சி, அதன்பிறகுதான் முழுப் பதிவு. கூட்டத்தில் முகவரிடம் கேட்கவேண்டியது, "உங்கட பல்கலைக்கழகத்தில படிச்சு வந்தவையில எத்தனை பேர் ஈஆர்பிஎம் பாஸ் பண்ணினவை, அவையில ரெண்டு பேரோட கதைக்கலாமா அண்ணன்?" என்பதுதான். பெயரும் தொலைபேசி இலக்கமும் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பேச முடிந்தால் மொழியைப் பற்றிக் கேளுங்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கலாம், கட்டிலில் படுத்திருக்கிற நோயாளி ரஷ்ய மொழியிலோ சீனத்திலோதான் வலியைச் சொல்வார். அந்த மொழி வராத பிள்ளைக்கு நோயாளியோடு பழகுகிற பயிற்சி பாதிதான் கிடைக்கும்.

பிறகு டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. வருடக் கட்டணம் 5,000 டொலர் என்று வையுங்கள். பத்து இலட்சமாக இருந்தது மூன்று மாதத்தில் பதினெட்டு இலட்சம். காணி ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்கு அந்த எட்டு இலட்சம் எங்கிருந்து வரும்? ஆறு வருடத்துக்கும் இன்றைய விலையில் கணக்குப் போட்டு, அதற்குமேல் பாதியைச் சேர்த்து, அந்தத் தொகைக்கு வழி இருந்தால் மட்டும் அடுத்த அடியை வையுங்கள்.

போகிற நாடு நிலையாக இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். 2020இல் சீனா எல்லையை மூடியபோது அங்கே படித்த பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கள் வீட்டு மேசையில் கைத்தொலைபேசியில் உடற்கூற்றியல் படித்தார்கள். 2022 பெப்ரவரியில் உக்ரேனில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். படிப்பு நடுவில் நின்றால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற இடமுண்டா, விசா மறுக்கப்பட்டால் கட்டிய காசில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் கேளுங்கள்.

இந்தியா கூப்பிடு தூரம், தமிழும் பேசுவார்கள். ஆனால் அங்கே எம்பிபிஎஸ் சேர வெளிநாட்டவரும் நீட் தேர்வில் தகுதி பெறவேண்டும். உயர்தரம் எழுதிய கையோடு அதற்கு வேறாகப் படிக்கவேண்டும். இந்திய அரசு நம் மாணவருக்கு ஆண்டுதோறும் தருகிற புலமைப்பரிசில்களில் எம்பிபிஎஸ் அடங்காது. காசில்லாமல் மருத்துவமே வேண்டுமென்றால், பங்களாதேஷ் மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவருக்கு ஒதுக்கிய இடங்களையும், பாகிஸ்தானின் அல்லாமா இக்பால் புலமைப்பரிசிலையும் கவனியுங்கள். இடம் குறைவு, போட்டி கூட, ஆனால் முகவர் தேவையில்லை. அதனாலேயே இவற்றைப் பற்றிக் கூட்டங்களில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

வெளிநாட்டு மருத்துவபீடமும் மறுத்துவிட்டால், அதே பல்கலைக்கழகத்தில் தாதியம், மருந்தகவியல் என்று முகவர் மாற்றிக் கொடுக்கப் பார்ப்பார். உடனே தலையாட்டவேண்டாம். தாதியத்துக்கு இலங்கைத் தாதியர் சபை, மருந்தாளருக்கும் ஆய்வுகூடக்காரருக்கும் பிசியோதெரபிக்கும் மருத்துவ சபை என்று ஒவ்வொன்றுக்கும் இங்கே பதிவு வேண்டும். மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

கடைசியாக ஒரு சில்லறை விடயம். உயர்தரச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு எதன் மூலத்தையும் முகவரின் அலுவலகத்தில் விட்டுவராதீர்கள். பரீட்சைத் திணைக்களத்திலும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் உறுதிப்படுத்துகிற வேலையை நீங்களே செய்யலாம், கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். முகவர் கேட்டால் நிழற்பிரதி கொடுங்கள். மூலம்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதிக் கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள்.